அரைக் கிலோ வயல்

முந்நாழிக்குடியில் புத்தி அளவாகத்தான் பெய்யும். அதிலும் உத்திராபதி குடியிருந்த தெருவில் தூறலோடு நின்றுவிடும்.

உத்திராபதிக்கு இரண்டு மா நிலம். மூன்று போகமாக அதில் விளைந்ததெல்லாம் பதர். நெல் போடுகிறவன் அரிசிக்கடையில் பையோடு நிற்கும்படி ஆயிற்று. கடைக்காரர் "வாங்க மிராசுதார்!" என்று கூப்பிடும்போதெல்லாம் அவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கும். இந்தச் சம்பாவும் பதராகிவிட்டால் அந்தக் கடைப்பக்கம் தலைகாட்டவே முடியாது.

"மண்ணைப் பரிசோதனை பண்ணிப் பாருங்க" என்றார் வேளாண்மை ஆபீசரம்மா. "வயல்ல பத்து இடத்துல ஒரு சாண் ஆழம் வெட்டுங்க. எல்லாத்தையும் கலந்து, நிழல்ல உலர்த்தி, அரைக் கிலோ கொண்டுவாங்க."

மச்சான் மருதையனும் பெரியப்பா காத்தலிங்கமும் ஒத்தாசைக்கு வந்தார்கள். வெட்டினார்கள், கலந்தார்கள், வேப்பமரத்து நிழலில் பரப்பினார்கள். கொஞ்ச நேரத்தில் நிழல் நகர்ந்து மண்மேல் வெயில் விழுந்தது. மூவரும் பதறிப்போய் மண்ணை அள்ளி நிழலுக்குள் போட்டார்கள். நிழல் மறுபடி நகர்ந்தது, மண்ணும் நகர்ந்தது. இப்படியே மரத்தைப் பாதி சுற்றி வந்தபோது பொழுது சாய்ந்து ஊர் முழுக்க நிழலாகிவிட்டது.

"இப்ப எந்த நிழல்ல போடறது?" என்றான் மருதையன்.

காத்தலிங்கம் மோவாயைத் தடவி யோசித்தார். "இவ்வளவு நிழல் மண்ணுக்கு ஆகாதுடா. பையில போட்டுக் கட்டு."

மறுநாள் ஆபீசில் பையை வாங்கி வைத்துக்கொண்ட ஆபீசரம்மா, "நாலு நாள் கழிச்சு வாங்க" என்றார். மூவரும் நகரவில்லை.

"துணைக்கு யாரு இருக்கிறதுன்னு யோசிக்கிறோம்" என்றார் காத்தலிங்கம்.

"எதுக்குத் துணை?"

"உள்ள சேர்த்துட்டு அப்படியே விட்டுட்டுப் போயிட முடியுமாம்மா? பெரியாஸ்பத்திரியில எங்க சம்பந்திக்குக்கூட ஆள் மாத்தி ஆள் இருந்தோம்."

மருதையன் இருந்தான். நாலு நாளும் வராந்தா பெஞ்சில், மடியில் ஃபிளாஸ்க்கோடு. மூன்றாம் நாள் உத்திராபதி பார்க்கப் போனான்.

"எப்படி இருக்கு மச்சான்?"

"நேத்து கண்ணாடிக் குப்பியில தண்ணி ஊத்திக் குலுக்குனாங்க. தாங்கிக்கிச்சு."

உத்திராபதிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

நாலு நாள் முடிந்ததும் அம்மா பரிசோதனை முடிவு எழுதிய அட்டையைக் கொடுத்தார். "துத்தநாகச் சத்து ரொம்பக் குறைச்சல். இந்த மண்ணுக்கு ஜிங்க் சல்பேட் போடுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள நட்டுடுங்க, இல்லேன்னா நாத்து முத்திப்போகும். நட்டதுலேருந்து நூத்திப்பத்தாம் நாள் அறுப்பு. மிஷினுக்கு இப்பவே சொல்லி வைங்க."

"சரிம்மா. இந்த மண் எங்க இருக்கு?"

"மிச்ச மண்ணா? பின்னால குழாயடியில கொட்டியிருப்பாங்க."

வெள்ளிக்கிழமை காலை அம்மா கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்தார். நாற்றுக்கட்டும் ஒரு பை ஜிங்க் சல்பேட்டுமாக மூவரும் குழாயடியில் நின்றிருந்தார்கள். உத்திராபதி பையைக் கவிழ்க்கப் போனான்.

"ஐயோ, நிறுத்துங்க! இத்தனூண்டு மண்ணுக்கு ஒரு சிட்டிகை போதும். அது உங்க வயலுக்குப் போடச் சொன்னது!"

"வயலையா பரிசோதனை பண்ணுனீங்க?" என்று குறுக்கே வந்தான் மருதையன். "நாலு நாளும் கண் கொட்டாம உட்கார்ந்திருந்தேன். வயல் உள்ள வரவே இல்லீங்களே."

அதற்குள் மேலதிகாரி கூப்பிட, அம்மா தலையில் கைவைத்தபடி உள்ளே போய்விட்டார். இவர்கள் ஒரு சிட்டிகை மட்டும் போட்டு நாலு நாற்று நட்டார்கள். அதற்குமேல் இடம் இல்லை. மிச்ச நாற்றை மாடு தின்றது. பரிசோதனை ஆகாத மண்ணில் கைவைப்பானேன் என்று இரண்டு மாவும் தரிசாகக் கிடந்தது.

நூற்றுப்பத்தாம் நாள் அறுவடை மிஷின் ஆபீஸ் வாசலுக்கு வந்து, கேட்டுக்குள் நுழைய முடியாமல் நின்றது. டிரைவர் இறங்கி வந்து பயிரைப் பார்த்தார், உத்திராபதியைப் பார்த்தார், ஒரு பீடியைப் பற்றவைத்தார். கடைசியில் காத்தலிங்கம்தான் கதிர் அரிவாளை எடுத்து அறுத்துக் கொடுத்தார்.

குழாய் ஒழுகி ஒழுகிக் கதிர் நன்றாகத்தான் முற்றியிருந்தது. உத்திராபதி நெல்லை உள்ளங்கையில் உதிர்த்து ஊதினான். ஒரு பதர்கூடப் பறக்கவில்லை. நம்பிக்கையில்லாமல் இன்னொரு தரம் ஊதினான். எல்லாம் நெல்! மூன்று போகத்து அவமானமும் ஒரே ஊதலில் போய்விட்டது. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. நேராக அம்மாவின் மேசைக்கு ஓடினான்.

"ஜெயிச்சிட்டோம்மா! இனிமே கடைக்காரர் மூஞ்சியில தைரியமா முழிப்பேன்."

"மொத்தம் எவ்வளவு கண்டுச்சு?"

"ரெண்டு கை நிறைய!" என்று காட்டியவன், நெல்லைப் பத்திரமாக மடியில் கட்டிக்கொண்டு ஒரு துணிப்பையைத் தூக்கி மேசைமேல் வைத்தான். "அடுத்த போகம் சாகுபடியை ரெட்டிப்பாக்கிடலாம்னு முடிவு பண்ணிட்டோம்மா. இந்த வாட்டி முழுசா ஒரு கிலோ கொண்டாந்திருக்கேன்."