இடப்பக்கம் திரும்பாதவள்

"அக்கா, இந்தப் பொண்ணு வேண்டாம்."

எஸ்தர் அக்கா மைதானத்துல இருந்து கண்ணை எடுக்கலை. "ஏன் பேச்சி?"

"இடப்பக்கம் திரும்பவே மாட்டேங்கா. பதினாறு தடவை கபடி பாடிப் போனா. பதினாறு தடவையும் வலப்பக்கமாத்தான் திரும்பி வந்தா. இடது மூட்டுல ஏதோ பழைய அடி. மறைக்கா."

எங்க காலேஜ் பெண்கள் கபடி டீமுக்குப் பள்ளிக்கூடத்துல இருந்து ஆள் எடுக்கறது நாங்க ரெண்டு பேரும்தான். இந்த வேலையில அக்காதான் எனக்கு குரு. வயசுல ஒரு வருஷம்தான் மூப்பு. ஆனா ஆளைப் பார்க்கிற கண்ணுல நான் அவ பக்கத்துல நிக்க முடியாது.

அந்த வருஷம் மிச்சம் இருந்தது ஒரே ஒரு இடம். கிடைச்சா இந்தப் பொண்ணு வடிவு காலேஜுக்கு வருவா. கிடைக்கலைன்னா திங்கக்கிழமை நூல் மில்லுக்குப் போவா. அவ அப்பா எங்ககிட்டயே சொல்லிட்டாரு.

"எத்தனை புள்ளி எடுத்தா?"

"பதினொண்ணு. ஆட்டம் அருமைதான், நான் இல்லைங்கலை. அதுக்காகத் தெரிஞ்சே போய்க் கிணத்துல விழச் சொல்லுதியா?"

அக்காகிட்ட எனக்குப் பிடிக்காத குணம் ஒண்ணு உண்டு. ஒண்ணு கேட்டா வேற எங்கேயோ இருந்து ஒண்ணு கேப்பா.

"நம்ம ஆடின காலத்தை நினைச்சா உனக்கு முதல்ல எது ஞாபகம் வருது?"

எரிச்சல்தான் வந்துச்சு. ஆனா ஞாபகமும் வந்துருச்சு, என்ன செய்ய.

சாயங்காலச் செம்மண். ஏழு பேரும் ஒரே வாளியில கால் கழுவுவோம். ஜெயிச்சா பஸ் அதிரப் பாட்டு, தோத்தா அதைவிடச் சத்தமாப் பாட்டு.

அக்கா பாடிப் போனா எதிர் டீமுக்குத் தொண்டை வறண்டுரும். திரும்பி வந்ததும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு நிப்பா. எதிராளியைப் பிடிக்க நிக்கும்போது கை கோத்துத்தானே நிக்கணும்.

எங்களுக்குக் கபடி சொல்லிக்கொடுத்த மரகதம் டீச்சர் முதல் நாளே என்னை அக்காவுக்கு இடப்பக்கம் இழுத்து நிறுத்தினாவ. "உன் இடம் இதுதான். கையை விட்டே, தோலை உரிச்சிருவேன்."

"உன் கைதான்க்கா ஞாபகம் வருது"ன்னேன். "புதுசா வந்த பயந்தாங்கொள்ளி நான். நம்ம சேர்ந்து ஆடின ரெண்டு வருஷமும் நீ என் கையை விடவே இல்லையேக்கா."

கண் கலங்கிருச்சு. மறைப்பானேன்.

அக்கா கேட்டா, "நான் பாடிப் போறதை எத்தனை தடவை பார்த்திருப்பே?"

"கணக்கே கிடையாது."

"எந்தப் பக்கம் திரும்புவேன்?"

 

ஒவ்வொரு ஆட்டமா மனசுல ஓட்டிப் பார்த்தேன். தூத்துக்குடியில வலப்பக்கம். மதுரையில வலப்பக்கம். இறுதி ஆட்டத்துல, கடைசிப் புள்ளிக்கு, அப்பவும் வலப்பக்கம்.

அக்கா பேன்ட்டை மூட்டுக்கு மேல சுருட்டினா. இடது மூட்டுல ஒரு விரல் நீளத்துக்குப் பழைய தையல்.

"பிளஸ் டூ படிக்கையில. யார்கிட்டயும் சொல்லலை."

"மரகதம் டீச்சருக்கு?"

"டீமுக்கு ஆள் எடுத்த அன்னைக்கே கண்டுபிடிச்சிட்டாவ."

அக்காவோட இடது கையைப் பிடிச்சு நின்ன என் வலது கையைப் பார்த்தேன்.

அந்த ரெண்டு வருஷமும் ஆட்டம் முடிஞ்சா இந்தத் தோள் விண்ணுவிண்ணுன்னு வலிக்கும். பயத்துல நான்தான் அக்கா கையில தொங்குதேன்னு நினைச்சு வெட்கப்படுவேன். இருபத்தஞ்சு வருஷமா அப்படித்தான் நினைச்சிட்டிருந்தேன்.

கீழே மைதானத்துல வடிவு தனியா நின்னா. எங்களை நிமிர்ந்து பார்த்தா, உடனே தலையைக் குனிஞ்சுக்கிட்டா.

ஃபாரத்தை எடுத்து அவ பேரை எழுதினேன்.

"அக்கா."

"சொல்லு."

"நம்ம டீம்ல இவளுக்கு இடப்பக்கம் யாரை நிறுத்தலாம்?"