நன்றி கேட்காத மன்றமும் நடந்துகொண்டே இருந்த ஆமையும்

தாழங்குளத்துக் காட்டில் மிருகங்கள் சேர்ந்து ஒரு நற்பணி மன்றம் வைத்திருந்தன. காட்டெருமை அதற்குத் தலைவர். மந்தி செயலாளர். கீரி பொருளாளர். யானைக்குப் பதவி எதுவும் இல்லை. எதைத் தூக்க வேண்டும் என்றாலும் அதைத்தான் கூப்பிடுவார்கள்.

நல்ல மன்றம்தான். மனசெல்லாம் தங்கம். ஆனால் பகலில் கண் தெரியவில்லையே என்று இரக்கப்பட்டு, தூங்கிக்கொண்டிருந்த ஆந்தையை உச்சி வெயிலில் எழுப்பிக் கண் பரிசோதனை முகாம் நடத்தியவர்கள் இவர்கள்தான். கொட்டுகிற மழையில் தவளைகளுக்குத் தண்ணீர்ப் பந்தல் வைத்தவர்களும் இவர்களே. தவளைகள் பாவம், மரியாதைக்கு ஆளுக்கு ஒரு வாய் குடித்துவிட்டுப் போயின.

மன்றத்துக்கு ஒரு விதி இருந்தது. உதவி செய்துவிட்டு நன்றியை எதிர்பார்க்கக் கூடாது. அருமையான விதி! ஆனால் தலைவர் அதற்கு ஒரு விளக்கம் சொல்லியிருந்தார். எதிர்பார்க்கக் கூடாது என்றால் காதில் விழவும் கூடாதாம். அதனால் உதவி பெற்றவர் வாயைத் திறந்தாலே போதும், "நன்றியெல்லாம் வேண்டாம்!" என்று கத்திக்கொண்டே ஓடிவிடுவார்கள்.

அன்று மன்றத்தின் ஆண்டு விழா.

"சாயங்காலம் கூட்டம் இருக்கு," என்றார் தலைவர். "அதுக்குள்ள கஷ்டப்படுற ஜீவனாப் பார்த்து உதவி பண்ணணும். உதவி வாங்கினவங்களை மேடையில உட்கார வெச்சுப் பொன்னாடை போர்த்தணும். கிளம்புங்க!"

அதே நேரத்தில் அல்லி என்கிற ஆமை குளத்திலிருந்து கரையேறிக்கொண்டிருந்தது. அதன் வயிறு நிறைய முட்டைகள். மேற்கே புங்கமரங்களைத் தாண்டினால் ஒரு மணல்மேடு. அங்கே போய்க் குழி பறித்து முட்டையிட வேண்டும். பொழுது சாய்ந்தால் அதற்கு மேல் தாங்காது. தண்ணீரில் இட்டால் அத்தனை முட்டையும் அழுகிவிடும். போன வருஷம் வெள்ளம் வந்து மேடே முழுகி, அல்லிக்கு ஒரு குஞ்சுகூட மிஞ்சவில்லை. இந்த வருஷமாவது பிள்ளை முகம் பார்க்க வேண்டும் என்று அது மூச்சு வாங்க வாங்க நடந்தது.

மரத்திலிருந்து மந்தி பார்த்தது.

"ஐயையோ! தண்ணியில இருக்க வேண்டிய ஆமை தரையில தவிக்குதே! வழி தவறிப்போச்சு போல!"

குதித்து வந்து அல்லியை வாரி எடுத்தது. ஒரே ஓட்டமாக ஓடிக் குளத்தில் விட்டது.

"அம்மா, நான் வந்து..." என்று அல்லி தொடங்கியது.

"நன்றியெல்லாம் வேண்டாம்!" மந்தி காதைப் பொத்திக்கொண்டு ஓடியே போயிற்று.

அல்லிக்கு ஒன்றும் புரியவில்லை. நாம் நடந்ததே கனவோ என்றுகூட நினைத்தது. கால் வலித்ததால் கனவில்லை என்று தெரிந்தது. மறுபடியும் கரையேறியது.

பாதி வழியில் யானை வந்தது.

"அடடா, ஒரு ஆமை!" யானை தும்பிக்கையால் அலுங்காமல் தூக்கியது. "பயப்படாதே தாயி. உன்னை வீட்டுல சேர்த்துடறேன்."

"வீட்டுலேர்ந்துதான் வர்றேன்! என்னை..."

"நன்றியெல்லாம் வேண்டாம் தாயி!" சொன்னதோடு காதையும் படபடவென்று அடித்துக்கொண்டது. யானைக் காது அடிக்கிற சத்தத்தில் எந்த ஆமையின் குரல் கேட்கும்? தொப்பென்று மீண்டும் குளம்.

மூன்றாம் முறை அல்லி புதர் ஓரமாகப் பதுங்கிப் போனது. அங்கே தலைவரே மேய்ந்துகொண்டிருந்தார். அவருக்குக் கை இல்லை. அதனால் மூக்காலேயே தள்ளித் தள்ளி, வழியெல்லாம் தைரியம் சொல்லிக்கொண்டே குளத்தில் கொண்டுபோய் விட்டார். அல்லிக்குத் தலை சுற்றியது. கிழக்கு எது, மேற்கு எது என்றே தெரியவில்லை. இவர்கள் நல்லவர்களா, கெட்டவர்களா? அதுவும் தெரியவில்லை.

நான்காம் முறை மறுபடியும் மந்தி.

"இது வேற ஆமை!" என்று அது சந்தோஷமாகக் கூவியது. "காலையில பார்த்தது மாதிரியே இருக்கு. கூடப் பிறந்ததா இருக்கும்!"

திரும்பவும் தொப்!

வெயில் மஞ்சளாகிவிட்டது. இனி நடந்தால் மேட்டுக்குப் போய்ச் சேர முடியாது. வயிற்றுக்குள் முட்டைகள் கனத்தன. அல்லி தண்ணீரிலேயே அழுதது. தண்ணீரில் அழுகிற ஆமையின் கண்ணீரை யார் பார்ப்பார்கள்?

அப்போது கரையில் யானையின் குரல் கேட்டது.

"காப்பாத்தப்பட்ட ஆமைங்க எல்லாரும் மேடைக்கு வாங்க!"

மேடை பக்கத்தில்தான் இருந்தது. அங்கே ஒருவராவது நாம் சொல்வதைக் கேட்க மாட்டார்களா என்று அல்லி ஒரு கணம் யோசித்தது. பிறகு, "என்னைத் தூக்கிட்டுப் போ!" என்று தும்பிக்கையைப் பிடித்துக்கொண்டது.

மேடையில் நான்கு கல், நான்கு தேக்கிலைப் பொன்னாடை, நான்கு மாலை. கூட்டம் நிறைந்திருந்தது. அல்லியை முதல் கல்லில் உட்கார வைத்தார்கள்.

"மத்த மூணு பேரு எங்கே?" என்றார் தலைவர்.

"இவ்வளவுதான் வந்தாங்க," என்றது யானை. "இது நான் காப்பாத்தின ஆமை."

"இல்லவே இல்லை! இது என்னோட ஆமை," என்றது மந்தி. "என்னோட ரெண்டாவது ஆமை. இல்லை, முதல் ஆமையா? ஓடு ஒரே மாதிரி இருக்கே!"

"அப்போ நான் காப்பாத்தினது எங்கே போச்சு?" தலைவர் குழம்பினார். "நான் நல்லபடியாத்தானே தண்ணியில விட்டேன்?"

மந்திக்குத் திடீரென்று பயம் வந்துவிட்டது. "தலைவரே, மத்த மூணும் மூழ்கிப் போச்சோ?"

ஆமை மூழ்குமா என்று யாருக்கும் தோன்றவில்லை. மந்தி ஓவென்று அழுதது. கூட்டமும் சேர்ந்து அழுதது. ஏன் அழுகிறோம் என்று பின்வரிசையில் இருந்த முயல்களுக்குத் தெரியாது. இருந்தாலும் அழுதன.

"ஐயா, கொஞ்சம் நான் சொல்றதை..." என்றது அல்லி.

"நன்றியெல்லாம் வேண்டாம்!" மொத்தக் கூட்டமும் அழுகையை நிறுத்திவிட்டுக் காதைப் பொத்தியது.

அல்லிக்குச் சட்டென்று ஒன்று விளங்கியது. இவர்களின் காது நன்றிக்குத்தான் மூடும். திட்டினால்?

அது பிறந்ததிலிருந்து யாரையும் திட்டியதில்லை. எப்படித் தொடங்குவது என்றே தெரியவில்லை. கழுத்தை நீட்டியது. கண்ணை இறுக மூடிக்கொண்டது.

"அடப் பாவிகளா! நீங்கல்லாம் உருப்படுவீங்களா? உங்க மன்றத்துல இடி விழ! உங்க பொன்னாடையைக் கொண்டுபோய்க் குப்பையில போடுங்க!"

பொத்தியிருந்த காதுகளெல்லாம் திறந்துகொண்டன.

தலைவர் மந்தியின் பக்கம் குனிந்தார். "திட்டினா காதைப் பொத்தணுமா?"

"விதியில அதைப் பத்தி ஒண்ணும் இல்லை தலைவரே."

"அப்போ கேட்டுத்தான் ஆகணும்." தலைவர் திரும்பினார். "ஏம்மா திட்டறே? உனக்கு என்னதான் வேணும்?"

"இதைக் காலையிலேயே யாராவது ஒருத்தர் கேட்டிருக்கக் கூடாதா?" அல்லியின் குரல் உடைந்தது. "நாலு ஆமை இல்லைங்க. நான் ஒருத்திதான். நாலு தடவையும் நான்தான் நடந்தேன். நீங்கதான் திருப்பித் திருப்பிக் கொண்டுபோய்ப் போட்டீங்க. என் வயித்துல முட்டை இருக்கு. பொழுது சாயறதுக்குள்ள தரையில இடலேன்னா அத்தனையும் போயிடும்."

மந்தி முகத்தை மூடிக்கொண்டது. யானை தலை குனிந்தது. ஆனால் முட்டை என்ற சொல் காதில் விழுந்ததும் ஒருவர் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார். பொருளாளர் கீரி.

"தலைவரே!" கீரி மீசையை நக்கிக்கொண்டது. "நான் துணைக்குப் போறேன். முட்டையிட்டு முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே இருந்து பார்த்துக்கறேன்!"

"ஆகா! என்ன சேவை மனசு!" தலைவர் உருகிப்போனார்.

கீரிக்கு முட்டை என்றால் உயிர் என்பது அல்லிக்குத் தெரியும். வேண்டாம் என்றால் காரணம் கேட்பார்கள். கேட்டுக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும். அது கீரியைப் பார்த்தது. பிறகு தேக்கிலைப் பொன்னாடையைப் பார்த்தது.

"ஐயா, எனக்கு என்ன வேணும்னு கேட்டீங்களே, சொல்றேன். யானை அண்ணன் என்னைப் புங்கமரம் வரைக்கும் தூக்கிட்டுப் போய் இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காம வந்துடணும். வேற யாரும் வரக் கூடாது. அப்புறம் இன்னொண்ணு. இவ்வளவு நல்ல மனசுக்காரர் உங்க பொருளாளர். எனக்கு வெச்சிருக்கிற மரியாதையெல்லாம் அவருக்கே பண்ணுங்க. அவரைப் பத்தித் தலைவர் பேசணும். இருட்டற வரைக்கும் நிறுத்தாம பேசணும்."

தலைவரின் கண்கள் கலங்கிவிட்டன. பேசாதீர்கள் என்று அவரிடம் கெஞ்சியவர்கள் உண்டு. பேசுங்கள் என்று அதுவரை யாரும் கேட்டதில்லை.

யானை அல்லியோடு நடந்தது. கீரி நழுவப் பார்த்தது. அதற்குள் மந்தி நான்கு பொன்னாடையையும் அதன்மேல் போர்த்தி, நான்கு மாலையையும் கழுத்தில் போட்டு அமுக்கி உட்கார வைத்துவிட்டது. தலைவர் கீரி பிறந்த வேளையிலிருந்து ஆரம்பித்தார்.

"எனக்கு அவசர வேலை இருக்கு..." என்று கீரி எழுந்தது.

"தன்னடக்கத்தைப் பாருங்கள்!" என்றார் தலைவர். கூட்டம் கைதட்டியது. கீரி மறுபடியும் உட்கார்ந்தது.

தலைவர் கீரியின் பால்பற்களைத் தாண்டுவதற்குள் அல்லி மணல்மேட்டில் குழி பறித்துவிட்டது. அவர் முடிவுரைக்கு வந்தபோது முட்டைகள் பத்திரமாக மண்ணுக்குள் இருந்தன. அல்லி வயிற்றால் மேட்டைத் தேய்த்துச் சமன் செய்துவிட்டுக் குளத்துக்குத் திரும்பியது. அதன் பிறகு பெய்த தூறலில் தடமும் வாசனையும் போயின.

நாட்கள் போயின. ஒரு காலை நேரம், மணல்மேட்டிலிருந்து பொடிப்பொடியாக ஆமைக்குஞ்சுகள் வரிசையாக இறங்கி வந்தன. அந்தப் பக்கமாக வந்த மன்றத்தாரில் மந்தி வழக்கம்போல் முதலில் பாய்ந்து கையை நீட்டியது. நீட்டிய கை பாதியில் நின்றது.

"தம்பி, எங்கே போகணும்?"

"குளத்துக்கு!"

"தூக்கிட்டுப் போகவா?"

"வேண்டாம். நாங்களே நடந்து பழகணும். வழியில கீரி இருக்கான்னு மட்டும் பார்த்துக்கோங்க."

புதர் லேசாக அசைந்தது. தலைவர் அந்தப் பக்கம் திரும்பி, பேசப்போகிறவர் மாதிரி தொண்டையைக் கனைத்தார். அவ்வளவுதான்! புதரைக் கிழித்துக்கொண்டு கீரி காத தூரம் ஓடிவிட்டது.

மன்றம் முழுவதும் சும்மா நின்று பார்த்தது. குஞ்சுகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் இறங்கின. குளத்தின் நடுவே அல்லி தலையை நீட்டி, "ரொம்ப நன்றி!" என்றது.

அன்று யாரும் காதைப் பொத்தவில்லை.

என்ன வேண்டும் என்று கேட்காமல் செய்கிற உதவி, எவ்வளவு நல்ல மனதோடு செய்தாலும், பெறுகிறவருக்குத் தொல்லைதான்.