சேறு என்று சொன்ன மயில்

செம்மடை ஏரியின் கரையில் ஓர் இலுப்பைத் தோப்பு இருந்தது. பங்குனி பிறந்ததும் அங்கே பூ உதிரத் தொடங்கும். விடியற்காலையில் உதிர்ந்த பூக்களைத் தோப்பில் வாழும் கீரிகளும் அணில்களும் பொறுக்கி, ஒரு பாறைக் குழியில் போட்டு வைக்கும். பகல் வெயிலில் அவை ஊறிப் புளிக்கும். சாயங்காலம் அந்த வாசனை மலைக்கு ஏறும். மலையிலிருந்து விருந்தாளிகள் இறங்கி வருவார்கள்.

கரடிகள் வரும். புள்ளிமான்கள் வரும். முயல்கள், காட்டுப்பன்றிகள், கிளிகள் எல்லாம் வரும். சில்வண்டுகள் பாடும். மின்மினிகள் கிளைக்குக் கிளை விளக்கேற்றும். தோப்பின் தலைவரான கார்மேகம் என்ற மயில் தோகையை விரித்து ஆடும். பூவைத் தின்று கிறங்கிய கரடிகளும் கூடவே ஆடும். அப்படி ஓர் ஆட்டம் அந்தக் காட்டில் வேறு எங்கும் கிடையாது.

யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. கரடிகள் தேனடை கொண்டு வரும். பன்றிகள் கிழங்கு கொண்டு வரும். கிளிகள் கொட்டைகளைக் கொண்டு வரும். தோப்புவாசிகள் அவற்றை மரப்பொந்துகளில் சேர்த்து வைத்துக்கொள்வார்கள். வைகாசியிலும் ஆனியிலும் தோப்பு காய்ந்து கிடக்கும்போது அந்தப் பொந்துகள்தான் அவர்களுக்குச் சோறு போடும்.

ஒரு வருஷம் ஐப்பசி மழையில் ஆறு உடைத்துக்கொண்டு ஏரிக்குள் பாய்ந்தது. வெள்ளத்தோடு ஒரு முதலையும் வந்து சேர்ந்தது. மழைக்காலம் முழுவதும் அது மீனைத் தின்றுகொண்டு ஏரி நடுவில் கிடந்தது. யாருக்கும் தொந்தரவு இல்லை. பங்குனியில் தண்ணீர் வற்றியது. மீனும் குறைந்தது. முதலை கிழக்குத் துறைக்கு நகர்ந்தது.

இலுப்பைப்பூ தின்றால் தாகம் எடுக்கும். விருந்தாளிகள் தண்ணீர் குடிக்க இறங்குவது அந்தக் கிழக்குத் துறையில்தான். முதல் வாரமே ஒரு முயல் இறங்கிப் போய்த் திரும்பவில்லை. உறவுக்காரர்கள் தேடியபோது, அது சீக்கிரமே வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டது என்று மயில் சொல்லிவிட்டது. தோப்புவாசிகளுக்கு உண்மை தெரியும். ஆனால் யாரும் வாயைத் திறக்கவில்லை.

வாயைத் திறந்தது சரளை என்ற ஆட்காட்டிக் குருவி மட்டும்தான். அவள் கிழக்குத் துறைக்குப் பக்கத்தில், வெட்டவெளியில், கூழாங்கற்களுக்கு நடுவே முட்டையிட்டிருந்தாள். தண்ணீருக்குள் முதலை அசைந்தால் அவள் கண்ணுக்குத் தப்பாது. உடனே மேலே எழும்பி வட்டமிட்டுக் கத்துவாள். ஆபத்தைக் கண்டால் கத்துவது ஆட்காட்டிகளின் வழக்கம். அந்தக் கத்தலைக் கேட்டதும் பாட்டு நின்றுவிடும். மான்கள் காதைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடிவிடும். கூட்டம் மறுபடி சேர வெகுநேரமாகும்.

கார்மேகம் ஒருநாள் காலையில் அவளைத் தேடி வந்தது. முதலில் முட்டைகளை விசாரித்தது. பிறகு வெயிலைப் பற்றிப் பேசியது. கடைசியில் விஷயத்துக்கு வந்தது.

"சரளை, நீ கத்துறதை நான் குத்தம் சொல்லல. ஆனா கொஞ்ச நாளைக்கு நிறுத்திக்கோயேன். வர்றவங்க மிரண்டு போறாங்க."

"முதலை போறதைப் பார்த்துட்டு எப்படிண்ணே சும்மா இருக்கிறது?"

"முதலைக்கு நான் ஓர் ஏற்பாடு செய்றேன். நீ இதை மட்டும் யோசிச்சுப் பாரு. கீரி ஏன் உன் முட்டையைத் தொடறதில்லை? பொந்து நிறைஞ்சிருக்கு, அதனால தொடறதில்லை. விருந்தாளி வரலைன்னா பொந்து காலி. பசிச்ச கீரியை என்னால எத்தனை நாள் பிடிச்சு வைக்க முடியும்னு நினைக்கிறே?"

மயில் மிரட்டவில்லை. உள்ளதைத்தான் சொன்னது. அவள் முட்டைகளைப் பார்த்தாள். பூ முடியும்வரை கத்துவதில்லை என்று ஒப்புக்கொண்டாள்.

அடுத்து மயில் துறைக்குப் போனது. தண்ணீர் ஓரமாக நிற்காமல் ஒரு மரக்கிளையில் ஏறிக்கொண்டு, விழா நேரத்தில் தலைகாட்ட வேண்டாம் என்று முதலையிடம் கேட்டுக்கொண்டது. முதலை மிகவும் மரியாதையாக நடந்துகொண்டது.

"தாராளமா. உங்களுக்கும் எனக்கும் வேண்டியது ஒண்ணுதானே? யாரும் என்னைப் பார்க்கக் கூடாது" என்றது.

மயிலுக்கு இந்தப் பதில் பிடித்திருந்தது. அதில் வேறொரு பொருள் இருக்கலாம் என்று அது யோசிக்கவில்லை.

ஆனாலும் யாரும் கிழக்குத் துறைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முதலை என்று சொன்னால் ஊர் சிரிக்கும். பேர் கெட்டுப்போகும். என்ன சொல்லித் தடுப்பது? மயில் நன்றாக யோசித்து, ஒரு கீரியை வழியில் நிறுத்தி வைத்தது. தண்ணீருக்குப் போகிறவர்களிடம், கிழக்குத் துறையில் ஒரே சேறாக இருக்கிறது, சிரமம் பார்க்காமல் மேற்கே சுற்றிப் போங்கள் என்று கீரி சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

திட்டம் பலித்தது. மான்களுக்குக் குளம்பில் சேறு ஒட்டினால் பிடிக்காது. முயல்களுக்கும் அப்படித்தான். எல்லோரும் மேற்கே சுற்றிப் போனார்கள். சரளை கத்தவில்லை. பாட்டு நிற்கவில்லை. பொந்துகள் நிறைந்துகொண்டே வந்தன. பயப்படாமல் தலைமை தாங்குவது எப்படி என்று மயில் அணில்களுக்கு விளக்கம்கூடச் சொல்லத் தொடங்கிவிட்டது.

அப்போதுதான் கருமாயி வந்தாள்.

கருமாயி ஒரு காட்டுப்பன்றி. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, குட்டிகளைக் கூட்டிக்கொண்டு, வாய் நிறையக் கிழங்கோடு வந்திருந்தாள். வழியெல்லாம் புழுதி. உடம்பெல்லாம் உண்ணி. பூவைத் தின்றுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் புறப்பட்டவளைக் கீரி வழக்கம்போல மறித்தது.

"அக்கா, கிழக்கே போகாதீங்க. ஒரே சேறு."

கருமாயியின் காதுகள் நிமிர்ந்தன. "சேறா? எம்புட்டு ஆழம் இருக்கும்?"

கீரிக்கு இந்தக் கேள்வியை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பயமுறுத்தினால் போய்விடுவாள் என்று நினைத்து, ரொம்ப ஆழம் என்றது.

"கல்லு கிடக்கா, இல்லை மைச்சேறா?"

"மைச்சேறுதான். இறங்கினா எந்திரிக்க மனசே வராது" என்று உளறிவிட்டது கீரி.

"பிள்ளைகளா, வாங்கடா! இத்தனை நாள் இதை யாரும் சொல்லலையே!" என்று கருமாயி கிழக்கே ஓடினாள். குட்டிகள் உருண்டு புரண்டுகொண்டு அவளை முந்தின.

கீரி பதறியடித்து மயிலிடம் ஓடியது. மயில் அப்போது கூட்டத்தின் நடுவில் ஆடிக்கொண்டிருந்தது. சுற்றிலும் மலை முழுவதும் உட்கார்ந்திருந்தது போல அத்தனை விருந்தாளிகள். கீரி காதில் சொன்னதும் மயிலின் தோகை தானாக மடங்கியது. முதலை என்று ஒரே ஒரு சொல்லைக் கத்தினால் போதும். அந்தச் சொல் அதன் தொண்டை வரைக்கும் வந்தது. எதிரே கரடிகள் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தன.

"கருமாயி அக்கா! அந்தச் சேறு நல்லா இருக்காது, திரும்பி வாங்க!" என்று கத்தியது மயில்.

சேறு எப்படி இருக்கும் என்று ஒரு மயில் பன்றிக்குச் சொல்லித்தர வேண்டுமா? கருமாயி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

துறையில் சரளை முட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தாள். குட்டிகள் தண்ணீரில் குதிப்பதைப் பார்த்தாள். ஏரியின் நடுவிலிருந்து ஒரு கோடு சத்தமில்லாமல் அவற்றை நோக்கி வருவதையும் பார்த்தாள். கொடுத்த வாக்கு அவள் அலகைக் கட்டியது. கோடு இன்னும் நெருங்கியது. அதற்கு மேல் அவளால் முடியவில்லை. எழும்பிக் கத்தினாள்.

அந்தக் கத்தலின் பொருள் காட்டில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். கருமாயி பாய்ந்து குட்டிகளைக் கரைக்கு முட்டித் தள்ளினாள். கடைசிக் குட்டி வெளியேறியபோது முதலையின் வாய் அவளுடைய பின்னங்காலில் மூடியது.

கரடிகள் ஓடிவந்தன. ஒரு கிழக் கரடி அவளுடைய தோளைக் கட்டிப் பிடித்து இழுத்தது. மற்றவை கல்லை வாரி எறிந்தன. கடைசியில் முதலை காலை விட்டது. ஆனால் அந்தக் கால் அதற்குப் பிறகு சரியாக ஊன்றவே இல்லை.

மயில் கூனிக்குறுகி வந்து நின்றது. கருமாயி வலியில் முனகிக்கொண்டே அதைப் பார்த்தாள்.

"முதலை இருக்குன்னு சொல்லியிருந்தா வேற பக்கம் போயிருப்பேனே தம்பி. முதலை இல்லாத காடு ஏது? நாங்க என்ன அதைக் கேட்டா செத்துப் போயிடுவோமா? சேறுன்னு சொன்னீங்களே, அதைத்தான் என்னால தாங்க முடியல."

மறுநாள் காலை தோப்பில் விருந்தாளி ஒருவர்கூட இல்லை. காணாமல் போன முயலின் கதையும் இப்போது எல்லோருக்கும் புரிந்துவிட்டது. செய்தி மலை ஏற ஏற வளர்ந்தது. ஏரி நிறைய முதலைகள் என்றார்கள். மயிலும் முதலையும் பங்காளிகள் என்றுகூடச் சொன்னார்கள். கார்மேகம் மைனாக்களை அனுப்பி, ஏரியில் இருப்பது ஒரே ஒரு முதலைதான், மற்ற இடமெல்லாம் பத்திரம் என்று சொல்லச் சொன்னது. அது உண்மைதான். ஆனால் சேறு என்று சொன்ன வாயிலிருந்து வந்த உண்மையை நம்ப ஆள் இல்லை.

பூ உதிர்ந்து வீணாகியது. வைகாசியில் பொந்துகள் காலியாயின. ஒருநாள் கீரி கூழாங்கற்களுக்கு நடுவே மோப்பம் பிடித்துக்கொண்டு வந்து நின்றது. முட்டைகள் முன்பே பொரிந்து, குஞ்சுகள் பறந்துவிட்டிருந்தன.

"இருந்திருந்தா தின்னிருப்பேன், சரளை. பொரிஞ்சது நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு அது தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பிப் போனது.

அந்தக் கோடையில் தோப்புவாசிகள் பட்டினியோடு ஒரு வேலை செய்தார்கள். ஏரிக்கு வெகு தொலைவில், காய்ந்து கிடந்த ஓடை மணலில், கீரிகளும் பெருச்சாளிகளும் சேர்ந்து ஊற்றுத் தோண்டினார்கள். தண்ணீர் சுரந்தது. விழாவுக்கு முன்பே இதைச் செய்திருக்கலாமே என்று ஓர் அணில் கேட்டது. முதலை இருப்பதையே மறைத்துக்கொண்டிருந்தவர்கள் எதற்காக ஊற்றுத் தோண்டியிருப்பார்கள்?

அடுத்த மாசியில் கார்மேகம் தானே மலை ஏறியது. முதலில் கருமாயியின் புதருக்குத்தான் போனது. அவள் எழுந்து நிற்கவில்லை.

"எதுக்கு வந்தே?"

"எங்க ஏரியில முதலை இருக்கு. கிழக்குத் துறையில இருக்கு. போன வருஷமும் இருந்துச்சு. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"எனக்குத் தெரியும். என் காலுக்கும் தெரியும். தெரியாதவங்ககிட்டப் போய்ச் சொல்லு."

மயில் போனது. முயல் வளைகளுக்குப் போய், தொலைந்த முயலைப் பற்றித் தான் சொன்னது பொய் என்று சொன்னது. அங்கே அதன் தோகையில் சில இறகுகள் போயின. அது எதிர்க்கவில்லை. பிறகு கரடிகளின் குகைக்குப் போய் முதலையைப் பற்றிச் சொன்னது. ஊற்றைப் பற்றியும் சொன்னது. கிழக் கரடி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் விசாரித்தது.

"அந்த ஆட்காட்டி இப்பவும் கத்துதா?"

"கத்துறா. இனி அவளை யாரும் நிறுத்தமாட்டோம்."

"அப்பச் சரி. அது கத்துற இடத்துலதான், கத்தாத நேரத்துல நிம்மதியா உட்கார முடியும்" என்றது கரடி.

பங்குனியில் பூ உதிர்ந்தது. அந்த வருஷம் கொஞ்சம் பேர்தான் வந்தார்கள். வந்தவர்களைத் தோப்பின் வாசலிலேயே நிறுத்தி, முதலை எங்கே, ஊற்று எங்கே என்று மயிலே காட்டியது. சிலர் அதைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். மயில் அவர்களைத் தடுக்கவில்லை.

ஒருநாள் சாயங்காலம், மலைப்பக்கமிருந்து வளர்ந்த பன்றிகள் சில வரிசையாக வந்து நின்றன. வாயில் கிழங்கு இருந்தது. கருமாயி வரவில்லை. அவளால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. ஆனால் தன் பிள்ளைகளை அனுப்பியிருந்தாள்.

கார்மேகம் அன்று ஆடவில்லை. அவர்களை ஊற்று வரைக்கும் கூட்டிக்கொண்டு போய், குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றது.

ஆபத்தை மறைத்துக் காப்பாற்றும் நல்ல பெயர் நம்பி வந்தவர்களையும் காப்பாற்றாது, தன்னையும் காப்பாற்றிக்கொள்ளாது. இருப்பதை இருக்கிறபடி சொல்லி வந்தவர்களைப் பாதுகாப்பதே நல்ல பெயர்.