அத்தை கொடுத்த கிளிவியா

கோத்தகிரிப் பக்கம் கேரட் போட்டுப் பிழைத்த அண்ணன் தம்பிகள் மூன்று பேர். மூத்தவன் சென்னியப்பன், நடுவன் மாரப்பன், கடைசி வெள்ளியங்கிரி. மூவரின் மூளையையும் ஒன்றாகத் தராசில் வைத்தால் முள் அசையாது. ஆனால் சொன்ன சொல் தட்டாதவர்கள். வம்பே அதில்தான்.

செடி விற்கும் நர்சரி வைத்திருந்த அருக்காணியம்மாளின் மகள் தெய்வானையைக் கட்டிக்கொள்ள வெள்ளியங்கிரிக்கு ஆசை. தெய்வானைக்கும் சம்மதம், ஏன் என்று ஊருக்கே விளங்கவில்லை. அருக்காணியம்மாள் யோசித்துப் பார்த்து, கரும்பச்சை இலைகள் நீளநீளமாய் விரிந்த ஒரு தொட்டிச் செடியை அவன் கையில் கொடுத்தாள்.

"இது கிளிவியா. பூக்க வெச்சுக் காட்டுங்க, பொண்ணத் தர்றேன். வீட்டுக்குள்ளயே இருக்கோணும், வெயில் நேராப் படக் கூடாது. விரலை விட்டுப் பாத்து, மண்ணு காஞ்சிருந்தா மட்டும் தண்ணி. குளுருல ரெண்டு மாசம் நல்லா ஓய்வு குடுங்க, தொந்தரவு பண்ணாதீங்க. செடி செத்துச்சுன்னா இந்தப் பக்கமே வந்துறாதீங்க."

வீட்டில் உடனே ஆலோசனை நடந்தது.

"நேராப் படக் கூடாதுன்னா என்னங்ணா?" என்றான் மாரப்பன்.

"கோணலாப் படலாம்னு அர்த்தம்," என்றான் சென்னியப்பன்.

"வெயிலை எப்படிக் கோணலாக்கறது?"

"வெயிலை ஆக்க முடியாது. ஜன்னலை ஆக்கலாம்."

சாயங்காலத்துக்குள் ஜன்னலைப் பெயர்த்துச் சாய்வாக மாட்டிவிட்டார்கள். சுற்றிலும் விழுந்த ஓட்டைகளில் சாக்கைத் திணித்தார்கள். மங்கலாக ஒரு வெளிச்சம் செடிமேல் விழுந்தது. மூவரும் தலையைச் சாய்த்துக்கொண்டு அதை ரசித்தார்கள்.

அடுத்து வெள்ளியங்கிரி மண்ணுக்குள் விரலை விட்டான். விட்டவன் எடுக்கவில்லை. விடச் சொன்னார்களே தவிர எடுக்கச் சொல்லவில்லை. மாரப்பன் பக்கத்தில் உட்கார்ந்து சோறு ஊட்டினான்.

நாலாம் நாள் சென்னியப்பன் கேட்டான்: "காஞ்சிருச்சாடா?"

"மண்ணு காயலீங்ணா. விரல்தான் காஞ்சு போச்சு."

"அப்பறம் என்ன? விரலுக்குத் தண்ணி ஊத்து."

விரலை வெளியே எடுத்து, விரலுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றி, மறுபடி உள்ளே விட்டார்கள்.

குளிர் வந்தது. விரல் தொந்தரவு என்று எடுத்தாயிற்று. ஓய்வென்றால் கட்டில் வேண்டாமா? வீட்டில் இருந்த ஒரே கட்டிலைப் பின்னறையில் போட்டு, தொட்டியை ஏற்றி, தலையணையும் வைத்தார்கள். மூவரும் தரையில் நடுங்கிக்கொண்டு படுத்தார்கள். வீட்டில் வாய்ப் பேச்சு கிடையாது, எல்லாம் சைகை. மாரப்பனுக்குத் தும்மல் வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை ஓடி, தும்மிவிட்டுத் திரும்புவான்.

வெள்ளியங்கிரி கதவிடுக்கில் பார்த்துப் பார்த்து இளைத்துப்போனான். செடி அசையவே இல்லை. தெய்வானை கைவிட்டுப் போனாள் என்றே முடிவுகட்டி, ஒருநாள் சத்தம் வராமல் அழுதான்.

மாசியில் ஒரு காலை, இலைகளுக்கு நடுவே செக்கச்செவேலென்று ஒரு கூர் எட்டிப் பார்த்தது.

"அண்ணா! மூக்கு!"

சென்னியப்பன் குனிந்து நெடுநேரம் பார்த்தான். "உடம்பு பச்சை, மூக்கு செவப்பு. கிளின்னு பேர்லயே சொல்லீட்டாங்க, நமக்குத்தான் வெளங்கல."

"ஐயோ, அத்தை வர்றதுக்குள்ள பறந்துருமே!" என்று பதறினான் வெள்ளியங்கிரி.

கதவைச் சாத்தினார்கள். கொய்யாப்பழம் நறுக்கி வைத்தார்கள். 'அத்தை வாங்க' என்று சொல்லப் பழக்க மாரப்பன் தொண்டை கட்டும்வரை கத்தினான்.

பத்து நாளில் பதினைந்து ஆரஞ்சுப் பூக்கள் கொத்தாக விரிந்தன.

"இத்தனை வாயத் தொறந்து என்ன புண்ணியம்? ஒரு வாயாச்சும் பேசுதா பாரு!" என்று நொந்துகொண்டான் மாரப்பன்.

சேதி கேட்டு அருக்காணியம்மாள் வந்தாள். கட்டிலைப் பார்த்தாள், தலையணையைப் பார்த்தாள், கொய்யாவைப் பார்த்தாள். பூவைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோனது.

"எங்கிட்டக்கூட இப்படிப் பூத்ததில்லீங்க மாப்பிள்ளை! வைகாசியில கல்யாணத்த வெச்சுக்கலாம்!"

வெள்ளியங்கிரிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அருக்காணியம்மாள் அடி இலைகளை மெல்ல விலக்கினாள். வேரடியில் ஒரு சின்னப் பக்கக்கன்று முளைத்திருந்தது.

"அட, குட்டி வேற போட்டிருக்குது!"

மூவரும் திகைத்துப்போனார்கள்.

"டேய், ஆம்பளைங்க நிக்கற எடமாடா இது? வெளிய வாங்க!" என்றான் சென்னியப்பன். தம்பிகளைத் தள்ளிக்கொண்டு வெளியேறிக் கதவைச் சாத்தினான். மாரப்பன் வெந்நீர் போட ஓடினான். மற்ற இருவரும் தூறலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார்கள்.

ஒன்றும் புரியாமல் அருக்காணியம்மாள் கதவைத் திறந்தாள்.

வெள்ளியங்கிரி கையைக் கூப்பிக்கொண்டு ஓடி வந்தான்.

"ஏனுங்க அத்தை, தாயும் புள்ளையும் சௌக்கியமுங்களா?"