குதிகால் வார்

தூத்துக்குடிக் கடற்கரையில் ஒரு தகரக் கொட்டகை. அங்கே ஜெசிந்தா என்பவள் கடலடி நீச்சல் சொல்லிக்கொடுத்தாள். முதுகில் காற்று உருளை கட்டி, காலில் துடுப்பு மாட்டி, பவளப்பாறை வரைக்கும் இறங்கப் பழக்குவது அவள் வேலை. வயது முப்பத்துமூன்று. படிக்க வந்த எட்டுப் பேரில் ஏழு பேர் அவளைவிட மூத்தவர்கள்.

அவர்களில் முதலில் வந்து சேர்ந்தவர் இன்னாசி. நாற்பத்தாறு வயது. இருபது வருஷம் மூச்சடக்கிச் சங்கு குளித்தவர். சங்கு குறைந்துபோனது. உருளையோடு இறங்கப் படித்தால் கடல் பார்க்க வருகிறவர்களுக்கு வழிகாட்டலாம் என்று வந்தார்.

புதிதாக யார் வந்தாலும் ஜெசிந்தா, "இன்னாசியண்ணனப் பாத்துச் செய்யுங்க" என்பாள். அந்த ஒரு பேச்சுக்காகவே அவர் தினமும் எல்லாருக்கும் முன்னால் கொட்டகைக்கு வந்துவிடுவார்.

ஆடி மாதம் முத்துராக்கு வந்தாள். வேம்பார்ப் பக்கத்துக்காரி. கடல்பாசி எடுத்துப் பிழைத்தவள். காற்று உருளையைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் தண்ணீருக்குள் விட்டால் மீனைப் போல் போனாள்.

இன்னாசிக்கு அதில் ஒன்றும் வருத்தமில்லை. வருத்தம் வந்தது வாரில்.

கொட்டகையில் இருந்த துடுப்புகள் எல்லாம் யாரோ போட்டுக் கழித்தவை. துடுப்பின் தட்டுகள் நன்றாகத்தான் இருந்தன. குதிகாலைப் பிடிக்கும் ரப்பர் வார்கள்தான் உப்பிலும் வெயிலிலும் வெடித்து ஒவ்வொன்றாக அறுந்தன. புது வார் சென்னையிலிருந்து வர வேண்டும். விலையைக் கேட்டால் துடுப்பே வேண்டாம் என்று தோன்றும்.

"அவங்கவங்க வாரை அவங்கவங்களே செஞ்சுக்கிடுங்க. சும்மா கெடக்கத வச்சே செய்யலாம்," என்றாள் ஜெசிந்தா.

இன்னாசி பஞ்சர் கடையில் ஒரு பழைய லாரி ட்யூப்பைக் கேட்டு வாங்கினார். இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி, இரட்டையாக மடித்து, வலை நூலால் இறுக்கிக் கட்டினார். ஜெசிந்தா அதை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள்.

"இது அறாதுண்ணே," என்றாள். பிறகு காலில் மாட்டிப் பார்த்தாள். "ஆனா ஈரக் கையால கழத்த வராது. குதிகாலையும் அறுக்கும்."

அவர் கீழே போட்டிருந்த மிச்ச ட்யூப்பை முத்துராக்கு எடுத்துக்கொண்டாள். ஒரு சின்ன இரும்புக் குழாயை அடுப்பில் பழுக்கவைத்து, துடுப்பின் கொக்கியில் மாட்டுவதற்கு ரப்பரில் வட்டமாக ஓட்டை சுட்டாள்.

"கத்தியால கீறுனா கிழிஞ்சுக்கிட்டே போயிரும் டீச்சர். சுட்டா நிக்கும்," என்றாள்.

குதிகால் படுகிற இடத்தை அகலமாக விட்டாள். பின்னால் ஒரு நைலான் கயிற்று வளையம் வைத்தாள். அதில் ஒரு விரலை விட்டு இழுத்தால் துடுப்பு கழன்று கையோடு வந்தது.

ஜெசிந்தா அதைத் தன் துடுப்பிலேயே மாட்டிக்கொண்டாள். "இனி எல்லாரும் இதப் பாத்துச் செய்யுங்க," என்றாள்.

அது என் ட்யூப் என்று சொல்ல இன்னாசிக்கு நாக்கு வரை வந்து நின்றது.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. கொட்டகையில் ஒருவர் பின் ஒருவராக முத்துராக்குவின் வாருக்கு மாறினார்கள். இன்னாசி மட்டும் தன் வாரையே போட்டார். இரண்டு குதிகாலும் தோல் உரிந்து எரிந்தன. எண்ணெய் தடவிக்கொண்டு மறுபடியும் அதையே போட்டார்.

வீட்டில் யாருக்கும் தெரியாமல் அவளுடையதைப் போல ஒன்று செய்து பார்த்தார். ஓட்டை கோணலாகப் போயிற்று. மனைவி ரீத்தா பார்த்துவிட்டு, "என்ன இது, புள்ளைக்கு உண்டிவில்லா?" என்று கேட்டாள். அதைத் தூக்கி ஓடையில் எறிந்தார்.

முத்துராக்கு அவரிடம் மரியாதையாகத்தான் இருந்தாள். "அண்ணே, உருளை வாயத் தொறக்கச் சொல்லிக் குடுங்களேன்" என்று வந்து நிற்பாள். அவள் அப்படிக் கேட்கக் கேட்க அவருக்கு இன்னும் ஆகாமல் போயிற்று. அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியம் என்று நினைத்தார்.

ஒரு சனிக்கிழமை காலை படகில் தீவுப் பக்கம் போனார்கள். இறங்குவதற்கு முன் ஒரு முறை உண்டு. இரண்டு இரண்டு பேராக நின்று, ஒருவர் உடம்பில் உள்ளதை மற்றவர் தொட்டுப் பார்க்க வேண்டும். உருளை, வாய்க்குழாய், இடுப்புப் பட்டை, கால் வார். எல்லாம் பார்த்துவிட்டு "சரி" என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் வராமல் யாரும் இறங்கக் கூடாது.

அன்றைக்கு ஜெசிந்தாவுக்கு ஜோடி இன்னாசி.

அவர் மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்தார். அவளுடைய இடது காலில், கொக்கி உரசுகிற இடத்தில், வாரின் ஓரத்தில் நகக்கண் அளவு ஒரு கீறல் இருந்தது. கால் மாட்டி வார் இழுபட்டிருந்ததால் அது வாய் திறந்திருந்தது.

அதைக் கண்டதும் அவர் மனதில் முதலில் வந்தது சந்தோஷம்.

நிமிர்ந்தார். எதிரே முத்துராக்கு அந்த வாரையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள். ஜெசிந்தா அவளைப் பார்த்து, "வாரு காலோட ஒட்டவச்ச மாதிரி இருக்குக்கா," என்றாள்.

அறட்டும் என்று நினைத்தார் இன்னாசி. தண்ணிக்குள்ள அறட்டும், எல்லாரும் பாக்கட்டும். டீச்சர் ஒத்தக் காலாலயும் நீந்துவா.

"சரி," என்றார்.

ஆறு பாகம், அதாவது முப்பத்தாறடி ஆழத்தில், பாறை விளிம்பில் நீரோட்டம் பலமாக இருந்தது. ஜெசிந்தா முன்னால் போனாள். அவர் பின்னால் போனார். விளிம்பைத் தாண்டும்போது வார் அறுந்தது. துடுப்பு சுழன்று கீழே போயிற்று. நீரோட்டம் அவளைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போனது. அந்தப் பக்கம் யாரோ விட்டுப்போன பழைய வலை பாறையில் சிக்கிக் கிடந்தது. உருளையின் கழுத்து அதில் மாட்டிக்கொண்டது. அவள் திரும்பத் திரும்ப வலை இறுகியது.

இன்னாசி உதைத்த உதையில் வார் குதிகாலை அறுத்து ரத்தம் புகையாகப் போயிற்று. போய்ச் சேர்ந்து, அவள் தோளை அழுத்தி அசையாமல் பிடித்து, இடுப்புக் கத்தியால் வலையைக் கண் கண்ணாக அறுத்தார். இரண்டு நிமிஷம் இருக்கும். அவருடைய ஆயுசில் அவ்வளவு நீளமான நேரம் இருந்ததில்லை.

மேலே வந்ததும் படகுக்காரர் அவர் முதுகைத் தட்டினார். "நீங்க இல்லேன்னா இன்னைக்கு டீச்சர் இல்ல," என்றார். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். இரண்டு மாதமாக அவர் எதற்கு ஏங்கினாரோ அது வந்தது. அவர் கண் ஜெசிந்தாவின் வெறுங்காலிலேயே நின்றது.

முத்துராக்கு ஒரு மூலையில் உட்கார்ந்து, "என் கையால செஞ்சதுதானே," என்று மட்டும் சொல்லி அழுதுகொண்டிருந்தாள்.

மத்தியானம் எல்லாரும் போன பிறகு ஜெசிந்தா துடுப்புகளை நல்ல தண்ணீரில் அலசினாள். இன்னாசி பக்கத்தில் போய் நின்றார்.

"டீச்சர், இனி முத்துராக்கு வாரை யாரும் போட வேண்டாம்னு சொல்லிருவீங்களா?"

 முத்துராக்கு செய்த வேறொரு வார் பூட்டிய துடுப்பை ஜெசிந்தா எடுத்து அவர் காலில் மாட்டினாள். உரிந்த குதிகாலில் அது மெத்தென்று உட்கார்ந்தது.

"கொக்கிக்கிட்ட வாரு எப்படி இருக்குன்னு பாருங்கண்ணே. கழத்தாம பாருங்க."

அவர் இடுப்பைத் திருப்பினார். கழுத்தை வளைத்தார். காலைத் தூக்கினார்.

"தெரியல டீச்சர்."

"எனக்கும் தெரியலண்ணே."

வாளியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இன்னாசி துடுப்போடு தரையில் உட்கார்ந்தார்.

"நான் பாத்தேன்," என்றார். "பாத்துட்டுத்தான் சரின்னு சொன்னேன்."

"தெரியும்."

"எப்படி?"

"மேல வந்ததும் எல்லாரும் என் மூஞ்சியப் பாத்தாங்க. நீங்க மட்டும் என் காலப் பாத்தீங்க."

அவர் துடுப்பைக் காலிலிருந்து கழற்றினார். அவள் அலசின துடுப்புகளை வெயிலில் சாய்த்துவைத்தாள்.

"முத்துராக்குகிட்ட இன்னைக்கே போயிச் சொல்லிருங்க," என்றாள். "ராத்திரி முழுக்க அழுவா."

"சொல்லுதேன்." எழுந்தார். "நாளைலருந்து நான் வரல டீச்சர்."

"நாளைக்கு எனக்குப் பின்னால நீங்கதான் வாரீங்க."

"இவ்வளவுக்கு அப்புறமுமா?"

"காலைல மாட்டுறதுக்கு முன்னால அந்த வாரை நானும் பாத்தேன், மாட்டுனப்புறம் முத்துராக்கும் பாத்தா," என்றாள் ஜெசிந்தா. "ரெண்டு பேரும் பிரியமாப் பாத்தோம். எங்களுக்கு ஒரு கொறையும் தெரியலண்ணே."