கல்லில் விட்ட இடம்

காரைக்குன்றத்தை ஆண்டவன் பெயர் எதிரிலி மழவன். எதிரிகளே இல்லாதவன் என்று பொருள். எதிரிகளைக் கண்டு அவன் இரண்டு முறை ஓடியது ஊருக்கே தெரியும். பெயர் சூட்டிய புலவருக்கு மட்டும் தெரியாது. அவருக்கு நிலம் கிடைத்தது.

அந்த அரசன் குடிகளுக்குக் கடன் கொடுக்கப் பண்டாரம் வைத்திருந்தான். கடன் வாங்கிய ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு நாணய ஓலை உண்டு. தவணை தவறினால் அதில் ஒரு கீறல் விழும். கீறல் விழுந்தவருக்கு மறுகடன் கிடையாது. ஓலைகளைக் காத்தவர் கணக்கர் சொக்கனார்.

ஒருநாள் எண்ணெய் ஆட்டும் சடைச்சி அவர் முன்னால் வந்து நின்றாள்.

"சாமி, செக்குமாடு செத்துப்போச்சு. எள் வரத்து இன்னும் ஒரு மாதம்தான் இருக்கும். மாடு வாங்கக் கடன் கொடுங்கள். இல்லையென்றால் செக்கையே விற்க வேண்டியதுதான்."

சொக்கனார் ஓலையை எடுத்தார். "பஞ்ச வருஷத்தில் இரண்டு தவணை தவறியிருக்கிறாய்."

"மழை பெய்ததும் வட்டியோடு கட்டினேனே சாமி! நீங்கள்தானே எண்ணி வாங்கினீர்கள்?"

"கட்டுவது உன் கடமை. கடமையை எழுத ஓலை எதற்கு? தவறியதை மட்டும்தான் எழுதுவோம். அரசர் முத்திரையிட்ட சட்டம்."

"அப்போ அந்தக் கீறலை அழிச்சிடுங்க."

"எழுத்தாணி கீறியது அழியாது. போ, போ."

சொக்கனாரின் மைத்துனர் முதல்நாளே சடைச்சியின் செக்கடியை அளந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். அவருடைய ஓலையில் ஒரு கீறல்கூட இல்லை. அவர் பண்டாரத்திலிருந்து எடுத்ததை யாரும் கடன் என்று எழுதியதில்லை.

அங்கே அவைப்புலவன் தத்தனும் நின்றிருந்தான். ஏழு மாதமாகச் சம்பளம் கேட்டு வருகிறான். "நாளை வா" என்பதுதான் பதில். அன்று அவன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நேராகக் கல்தச்சனிடம் போனான்.

புதுக் கோபுர வாசலில் அரசன் புகழைக் கல்வெட்டாக வெட்டும் வேலை தத்தனிடம்தான் இருந்தது. பத்தாம் நாள் திறப்பு விழா. அரசிகள், படைத்தலைவர்கள், பக்கத்து நாட்டுத் தூதர்கள், ஊர்மக்கள் எல்லாரும் கூடியிருந்தார்கள். அரசன் பட்டுத்துணியை விலக்கினான். ஓதுவார் உரக்கப் படித்தார்:

"எதிரிலி மழவன், பட்டமேறிய மூன்றாம் ஆண்டு, ஆற்றங்கரைப் போரில் குடையைப் போட்டுவிட்டு ஓடினான். ஐந்தாம் ஆண்டு கோட்டையை இழந்து, மாமனார் வீட்டில் நான்கு மாதம் தங்கினான்."

அதற்குமேல் படிக்க ஒன்றும் இல்லை. பட்டத்தரசி வேறு பக்கம் பார்த்தாள்.

"தத்தா! உன் தலை கழுத்தில் இருக்கப் பிடிக்கவில்லையா?"

"வெட்டியதில் பொய் உண்டா அரசே?"

"பொய் இல்லையடா! ஆனால் ஆறாம் ஆண்டே அந்தக் கோட்டையை மீட்டேனே! அது எங்கே?"

"கோட்டையைக் காப்பது அரசன் கடமை. கடமையை எழுதக் கல் எதற்கு?"

"எந்த முட்டாள் சொன்னான்?"

"கணக்கர் சொக்கனார் சொன்னார். தங்கள் முத்திரையிட்ட சட்டமாம். எண்ணெய்க்காரி சடைச்சி வட்டியோடு கட்டியதை ஒரு வரி எழுதவில்லை. பஞ்சத்தில் தவறியதை மட்டும் காட்டி, மாட்டுக்குக் கடன் இல்லை என்று விரட்டினார்."

கூட்டம் சிரித்தது. சொக்கனார் தூண் பக்கமாக நகர்ந்தார்.

"அழி இதை!"

"ஓலையில் கீறியதே அழியாதாம். இது கல், அரசே."

அரசனுக்கு வேர்த்தது. தூதர்கள் ஏற்கெனவே குறிப்பெடுக்கத் தொடங்கியிருந்தார்கள். "வழி சொல், தத்தா."

"கீழே நான்கு சாண் இடம் விட்டுத்தான் வெட்டச் சொன்னேன். பிறகு நடந்ததைக் கீழே எழுதலாம். ஆனால் தங்களுக்கு ஒரு சட்டம், சடைச்சிக்கு ஒரு சட்டம் என்றால் தச்சன் உளியைத் தொடமாட்டான்."

அங்கேயே ஆணை பிறந்தது. ஒவ்வொரு கீறலுக்குக் கீழும், கட்டியதைக் கட்டிய நாளோடு எழுத வேண்டும். கட்டி முடித்தவருக்கு மறுகடன் உண்டு. எல்லார் பார்வையிலும் சொக்கனாரே சடைச்சியின் ஓலையை வரவழைத்து எழுதினார். பொழுது சாயும் முன்பு சடைச்சி மாட்டை ஓட்டிக்கொண்டு போனாள்.

அரசனும் சிரித்துவைத்தான். வேறு என்ன செய்வான்? கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி நீட்டினான்.

"இந்தா, பரிசு!"

"பரிசு வேண்டாம் அரசே. ஏழு மாதச் சம்பளம் பாக்கி இருக்கிறது. தவறியதை எழுதக் கல்லில் மேலேயும் ஒரு வரிக்கு இடம் விட்டுத்தான் வைத்திருக்கிறேன்."