சாம்பலில் விழுந்த தடம்

செத்த பிள்ளை ஒன்று உலாவுகிறது என்று சொல்லிப் பள்ளி மைதானத்தைப் பூட்டிவைத்திருந்தார் தாளாளர் தாண்டவராயர். சாவி அவர் இடுப்பைவிட்டு இறங்காது.

மாணவர் நலக்குழுத் தலைவி இசக்கியம்மாள் போய் நின்றாள். "சாயங்காலம் பிள்ளைகளுக்குச் சுண்டல் கொடுத்து அங்க ஓடவிடணும், ஐயா."

"பேய்கிட்ட சம்மதம் வாங்கிட்டு வா."

"சரிங்கய்யா."

அன்று இருட்டியதும், துக்க வீட்டில் செத்தவர் தடம் பார்க்கச் செய்வதுபோல, கம்பிக் கதவுக்குள் கைவிட்டுச் சாம்பல் தூவினாள். ஓரமாய் ஓர் இலையில் சுண்டல் வைத்தாள்.

விடிந்ததும் தாளாளரையும் பெற்றோரையும் கூட்டிவந்து காட்டினாள். சாம்பல்மேல் லாரித் தடம், அப்பால் புது மணல் குவியல்.

"பேய் லாரி ஓட்டுதுங்கய்யா. உங்க இடுப்புச் சாவியை எப்ப வாங்கிச்சு?"

தாளாளர் இடுப்புச் சாவியை அவிழ்த்துக் கதவைத் திறந்தார்.

பிள்ளைகள் உள்ளே ஓடுமுன் இசக்கி குனிந்து பார்த்தாள். லாரித் தடத்தின்மேல் சின்னஞ்சிறு வெறுங்கால் தடங்கள். இலையில் சுண்டல் இல்லை.

அன்றுமுதல் அவள் ஒரு பிடி கூடுதலாக அவிக்கிறாள்.